பைலோ என்று மட்டும் கேட்டேன்: ஒரு கண்புரை அறுவையின் நிகழ்வு ஆய்வு

இதை எழுதுவதற்கு அந்த நோயாளியிடமும், அன்று தியேட்டரில் இருந்த சிஸ்டரிடமும் அனுமதி கேட்டு வாங்கினேன். யாரும் அவர்களை அடையாளம் கண்டுவிடக் கூடாது என்பதற்காக வயது, ஊர் போன்றவற்றைச் சற்று மாற்றியிருக்கிறேன். கண்ணுக்குள் நடந்த எதையும் மாற்றவில்லை. அறுவை செய்தது நான்தான்.

நோயாளி

அறுபதைத் தாண்டிய வெள்ளிக் கொலுசுத் தொழிலாளி. சேலத்துக்கு மேற்கே, வீட்டுக்கு வீடு கொலுசுப் பட்டறை இருக்கும் ஊர்களில் ஒன்றைச் சேர்ந்தவர். நாற்பது வருடமாகப் பற்றவைக்கும் வேலை. வளையத்தோடு வளையத்தைச் சேர்த்து, சுடரைக் காட்டி, வெள்ளி உருகிப் பிடிக்கும் அந்த ஒரு நொடியைக் கண்ணால் பார்த்துப் பிடிக்க வேண்டும். பிந்தினால் வளையமே உருகிவிடும். "பத்துச்சா இல்லையான்னே தெரிய மாட்டேங்குதுங்க டாக்டரம்மா" என்றுதான் முதல் நாள் சொன்னார்.

வலது கண்ணில் பழுப்பேறி இறுகிப்போன புரை. இரண்டு மீட்டரில் விரல் எண்ணும் அளவுக்கே பார்வை. இடது கண்ணில் 6/24. இரண்டு கண்ணிலும் அழுத்தம் 16 மி.மீ. சர்க்கரை இல்லை. ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை. பனிக்காலத்தில் இழுப்பு வரும், அதற்கு இன்ஹேலர் வைத்திருந்தார். கேஸ் ஷீட்டின் ஓரத்தில் இந்த இழுப்பு எழுதப்பட்டிருந்தது. மயக்க மருந்து சம்பந்தமான தகவலாக மட்டுமே அதைப் படித்துவிட்டு நான் பக்கத்தைப் புரட்டினேன்.

கருவிழியின், அதாவது கண்ணின் முன்பக்கக் கண்ணாடிச் சுவரின், உள்பக்கத்தில் எண்டோதீலியம் என்றொரு ஒற்றை அடுக்குச் செல் வரிசை உண்டு. கருவிழிக்குள் புகும் நீரை ஓயாமல் வெளியே இறைத்து அதைக் கண்ணாடிபோல வைத்திருப்பது அந்த அடுக்குதான். இந்தச் செல்கள் செத்தால் செத்ததுதான், மனிதருக்கு மறுபடி முளைப்பதில்லை. பெரியவர்களுக்குச் சராசரியாக ஒரு சதுர மில்லிமீட்டருக்கு 2500 இருக்கும். 500-க்குக் கீழே போனால் இறைக்க ஆளில்லாமல் கருவிழி ஊறி வெளுத்துவிடும். இவருக்கு அறுவைக்கு முன் வலது கண்ணில் 2380, இடது கண்ணில் 2410. இந்த எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அறுவை நாள்

அன்று ஏழு அறுவைகள். இவர் ஆறாவது. கண்ணைச் சுற்றி மரப்பு ஊசி போட்டு, தையல் தேவைப்படாத சிறு துளை முறையில் ஆரம்பித்தேன். புரையின் உட்கரு கல்லாக இருந்தது. அதை வெளியே எடுக்கும்போது லென்ஸ் இருந்த பையின் பின்சுவர் கிழிந்தது. இறுகிய புரைகளில் இது எந்த அறுவையாளருக்கும் நேரக்கூடியது. கிழிசல் வழியே விட்ரியஸ், அதாவது கண்ணின் பின்பகுதியை நிரப்பியிருக்கும் ஜெல்லி, முன்னால் வந்தது. வெட்டி உறிஞ்சும் கருவியால் அதை எடுத்தேன். மிச்சம் தெரிவதற்காக ட்ரயாம்சினோலோன் என்ற வெள்ளை மருந்தைத் தூவிப் பார்த்தேன். பையின் முன்விளிம்பு நன்றாக இருந்ததால் மூன்று துண்டு லென்ஸை அதன்மேல் உட்கார வைத்தேன்.

இந்தக் கட்டத்தில்தான் பாப்பாவை, அதாவது கண்ணின் நடுவிலுள்ள கறுப்புத் துளையை, சுருக்கும் மருந்து தேவைப்படும். அறுவைக்காகச் சொட்டு மருந்து விட்டுப் பாப்பாவை விரித்திருப்போம். எல்லாம் நல்லபடியாகப் போன கண்ணில் அது தானாகச் சுருங்கட்டும் என்று விட்டுவிடலாம். இப்படிப் பை கிழிந்த கண்ணில் சுருக்கிவிட்டால் இரண்டு நன்மை. லென்ஸ் ஐரிஸுக்கு, அதாவது பாப்பாவைச் சுற்றியுள்ள நிறத் திரைக்கு, முன்னால் நழுவி வராது. அதோடு, ஜெல்லியின் ஒரு இழை காயத்தில் மாட்டியிருந்தால் பாப்பா வட்டமாகச் சுருங்காமல் அந்தத் திசையில் கூம்பி நிற்கும். கண்ணுக்குத் தெரியாத இழையை அந்தக் கூம்பு காட்டிக்கொடுத்துவிடும்.

அதற்கு நாங்கள் பயன்படுத்துவது பைலோகார்பின். தியேட்டரில் அதைச் சுருக்கமாகப் பைலோ என்போம். மைக்ராஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுக்காமல், "சிஸ்டர், பைலோ கொடுங்க" என்றேன்.

சில நிமிடம் ஆனது. சிரிஞ்சு கைக்கு வந்தது. கானுலா எனப்படும் நுனி மழுங்கிய மெல்லிய குழல் வழியாக ஏறக்குறைய 0.3 மில்லி உள்ளே விட்டேன். பாப்பா சுருங்கியது. வட்டமாக, நடுவில், கூம்பு இல்லாமல். எனக்கு நிம்மதி. காயத்தைச் சரிபார்த்து, மற்ற ஆறு பேருக்கும் போட்ட அதே மாக்ஸிஃபிளாக்ஸசின் என்ற கிருமிக்கொல்லி மருந்தைப் போட்டு, கட்டுப் போட்டு அனுப்பினேன்.

அந்தச் சிரிஞ்சில் இருந்தது நான் நினைத்த மருந்து இல்லை.

மறுநாள் காலை

கட்டைப் பிரித்ததும் அவர் சொன்னது, "வலியெல்லாம் ஒண்ணும் இல்லீங்க, பாலுக்குள்ள பாக்குற மாதிரி இருக்கு." முகத்துக்கு நேரே கை அசைவது மட்டும் தெரிந்தது. ஸ்லிட் லாம்ப்பில் பார்த்தால் கருவிழி ஓரத்திலிருந்து ஓரம்வரை ஒரே சீராக ஊறியிருந்தது. முன் அறையில், அதாவது கருவிழிக்கும் ஐரிஸுக்கும் இடைப்பட்ட இடத்தில், நூல்நூலாக ஃபைப்ரின் என்ற அழற்சிக் கசிவு, அடியில் மெல்லிய வெள்ளைக் கோடாகச் சீழ்ச் செல்கள். அழுத்தம் 36. எனக்கு வயிற்றைப் பிசைந்தது கடைசியாகப் பார்த்த ஒன்றில்தான்: முந்தைய நாள் சுருக்கிவிட்ட பாப்பா நன்றாக விரிந்து கிடந்தது, டார்ச் அடித்தாலும் அசையவில்லை.

கண்புரை அறுவைக்கு மறுநாள் இப்படி ஒரு கண்ணைப் பார்த்தால் எவருக்கும் முதலில் வரும் பயம் எண்டாஃப்தால்மைட்டிஸ், அதாவது கண்ணுக்குள் கிருமித் தொற்று. அதைத் தவறவிட்டால் கண் போய்விடும். ஆனால் சில விஷயங்கள் ஒத்துப்போகவில்லை. தொற்று பெரும்பாலும் இரண்டாம் நாளுக்கும் ஏழாம் நாளுக்கும் இடையில் தலைகாட்டும், வலி இருக்கும், பின்பகுதி ஜெல்லியும் கலங்கும். இங்கே இருபத்துநான்கு மணிநேரம்கூட ஆகவில்லை, வலி இல்லை, பி-ஸ்கேன் எனப்படும் கண் அல்ட்ராசவுண்டில் ஜெல்லி தெளிவாக இருந்தது. இறுகிய புரையை எடுத்த சிரமத்தால் கருவிழி ஊறுவதும் உண்டு, ஆனால் அது காயத்தை ஒட்டிய பக்கம் தடித்தும் மறுபக்கம் தெளிந்தும் இருக்கும். ஓரத்திலிருந்து ஓரம்வரை ஒரே சீராக ஊறினால், எண்டோதீலியம் முழுவதையும் ஏதோ ஒன்று ஒரே நேரத்தில் தொட்டிருக்கிறது என்று அர்த்தம். இதற்குப் பெயர் டாஸ்: டாக்ஸிக் ஆன்டீரியர் செக்மென்ட் சிண்ட்ரோம், கண்ணின் முன்பகுதி நச்சு அழற்சி. 1992-இல் வைக்கப்பட்ட பெயர். 12 முதல் 48 மணிநேரத்துக்குள் வரும், கிருமி இருக்காது, ஸ்டீராய்டுக்கு இறங்கிவரும்.

இருந்தாலும் நான் நினைத்ததை நானே நம்பவில்லை. முன் அறை நீரை எடுத்துக் கிராம் ஸ்டெய்னுக்கும் கல்ச்சருக்கும் அனுப்பினேன். தொற்று என்றால் கண்ணுக்குள் போடும் கிருமிக்கொல்லிகளான வான்கோமைசினும் செஃப்டாஸிடைமும் கலக்கத் தயாராக மேஜையில் இருந்தன. கிராம் ஸ்டெய்னில் கிருமி இல்லை என்று வந்த பிறகுதான் ஸ்டீராய்டை முழு வேகத்தில் ஆரம்பித்தேன்: பிரெட்னிசோலோன் அசிடேட் 1% சொட்டு மணிக்கொரு முறை. ஆறு மணிநேரத்துக்கு ஒருமுறை நானே வந்து பார்த்தேன். கல்ச்சரில் ஐந்தாம் நாள்வரை எதுவும் வளரவில்லை.

அழுத்தத்தை இறக்க வழக்கம்போல டைமோலால் எழுதப் போனேன். அப்போதுதான் கேஸ் ஷீட்டின் ஓரத்தில் இருந்த இழுப்பு கண்ணில் பட்டது. டைமோலால் சொட்டு மூக்கு வழியாக ரத்தத்துக்குப் போய் மூச்சுக்குழலை இறுக்கக்கூடியது. சல்ஃபா ஒவ்வாமை இல்லை என்று கேட்டுக்கொண்டு அசிட்டாஸோலமைடு மாத்திரையும், பிரிமோனிடின் சொட்டும் கொடுத்தேன். மூன்றாம் நாள் அழுத்தம் 20-க்கு வந்தது.

காரணம் தேடி

டாஸ் வந்த கண்ணுக்கு மருந்து எழுதுவது பாதி வேலைதான். அன்று மாலைக்குள் காரணத்தைக் கண்டுபிடிக்காவிட்டால் அடுத்த நாள் இன்னும் ஏழு கண்களை அதே தியேட்டரில் திறப்போம். டாஸுக்குக் காரணமாகக்கூடியவை ஏராளம்: கழுவும் திரவம், விஸ்கோ எனப்படும் கூழ், கானுலாவுக்குள் காய்ந்து நின்ற பழைய கூழ், கருவியைக் கழுவிய சோப்பு, கருவிகளை நீராவியில் சுத்திகரிக்கும் ஆட்டோகிளேவின் தண்ணீரில் இருக்கும் எண்டோடாக்ஸின் என்ற நஞ்சு, சாயம், கையுறைப் பவுடர். கிருமியைக் கொன்றாலும் அதன் ஓட்டிலிருந்து வரும் எண்டோடாக்ஸின் ஆட்டோகிளேவில் அழியாது. 2005-இல் அமெரிக்காவின் பல மாநிலங்களில் நூறு பேருக்கு மேல் டாஸ் வந்தபோது, கழுவும் திரவத்தில் இருந்த எண்டோடாக்ஸின்தான் காரணம் என்று விசாரணை காட்டியது.

எங்களுக்கு இருந்த ஒரே நல்ல தடயம், மற்ற ஆறு கண்களும் தெளிவாக இருந்ததுதான். அதே திரவம், அதே தொகுதி விஸ்கோ, அதே சாயம், அதே ஆட்டோகிளேவ் சுற்று. அப்படியானால் இந்த ஒரு கண்ணுக்குள் மட்டும் போனது எது? தாளில் எழுதினேன். மூன்றுதான் மிஞ்சின: ஜெல்லி வெட்டும் கருவி, ட்ரயாம்சினோலோன், பைலோ. கருவி புதிது, ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் வகை. ட்ரயாம்சினோலோனில் பென்ஸைல் ஆல்கஹால் கலந்திருக்கும் என்பதால் அதைக் கழுவித்தான் போடுவோம், அன்றும் கழுவியது எனக்கு நினைவிருக்கிறது. மூன்றாவதற்கு ஸ்டாக் பதிவேட்டைத் திறந்தேன். கண்ணுக்குள் போடும் பைலோகார்பின் ஆம்பூல்: கையிருப்பு பூஜ்யம். முந்தைய வாரமே தீர்ந்திருந்தது.

நான் கேட்பதற்கு முன்பே சிஸ்டர் வந்து நின்றார். முகம் வெளுத்திருந்தது. "மேடம், ஆம்பூல் இல்ல. நீங்க கேட்டதும் ஓபியிலேருந்து பைலோ எடுத்துட்டு வந்தேன். நீங்க பைலோன்னுதானே கேட்டீங்க, அதுவும் பைலோதானே மேடம்."

ஓபியில், அதாவது வெளிநோயாளிகள் பிரிவில், இருந்தது பைலோகார்பின் 2% சொட்டு மருந்து. கண்ணின் கோணம் குறுகியவர்களுக்கு லேசர் துளை போடும் நாட்களில், ஐரிஸை இழுத்து மெல்லிசாக்குவதற்காக அதை வாங்கி வைத்திருப்போம். மூடி திறக்காத புதுப் பாட்டில். அதன் நுனியை வெட்டி, கிண்ணத்தில் பிழிந்து, கழுவிக் கையுறை போட்டு நின்ற இன்னொரு சிஸ்டர் சிரிஞ்சில் இழுத்து எனக்குக் கொடுத்திருக்கிறார். கொண்டுவந்தவர் லேபிளைப் பார்த்தார். சிரிஞ்சில் இழுத்தவர் பார்த்தது கிண்ணத்தை. நான் பார்த்தது சிரிஞ்சை. மூவரில் ஒருவர்கூட மற்றவர் பார்த்ததைப் பார்க்கவில்லை.

அந்தப் பாட்டிலில் என்ன இருந்தது

பைலோகார்பின் நல்ல மருந்து. தென்னமெரிக்காவின் ஜபொராண்டிச் செடியிலிருந்து 1875-இல் பிரித்தெடுக்கப்பட்டது. கண் மருத்துவத்துக்கு நூற்றைம்பது ஆண்டு உழைத்திருக்கிறது. சேர்வராயன் மலையில் எஸ்டேட் வேலை செய்யும் ஒரு அம்மா, களை பிடுங்கும்போது ஊமத்தைச் சாறு கண்ணில் பட்டு, ஒரு பாப்பா மட்டும் விரிந்துபோய் மூளையில் கட்டியோ என்று பயந்து இறங்கி வந்தார். அவருக்கு நான் விட்டுப் பார்த்ததும் இதே சொட்டுத்தான், 1% வலுவில். நரம்பில் கோளாறு என்றால் பைலோகார்பினுக்குப் பாப்பா சுருங்கும். ஊமத்தையில் உள்ள அட்ரோபின் வகை நஞ்சு என்றால் சுருங்காது. அவருக்குச் சுருங்கவில்லை. நான்கு நாளில் தானாகச் சரியாகி மலையேறினார்.

கண்ணின் மேற்பரப்பில் விடும்போதுதான் அது நல்ல மருந்து. பல நாள் திறந்து பயன்படுத்தும் சொட்டு மருந்தில் கிருமி வளராமலிருக்கப் பென்ஸால்கோனியம் குளோரைடு என்ற பாதுகாப்புப் பொருளைச் சேர்ப்பார்கள். பொதுவாக 0.01%. செல்லின் உறையைக் கரைக்கும் சோப்பு வகை அது, கிருமியையும் அப்படித்தான் கொல்கிறது. வெளியே கண்ணீர் அதை உடனே கழுவிவிடும், மேல்தோல் செல்கள் அடுக்கடுக்காகத் தாங்கும், செத்தாலும் நாலு நாளில் முளைக்கும். உள்ளே கண்ணீரும் இல்லை, அடுக்கும் இல்லை, முளைப்பதும் இல்லை. முன் அறையின் மொத்தக் கொள்ளளவே கால் மில்லி. நான் விட்டது 0.3 மில்லி. அந்த அறையிலிருந்த நீர் முழுவதையும் எடுத்துவிட்டுச் சோப்பு நீர் நிரப்பியதற்குச் சமம்.

அமிலத்தன்மையும் சேர்ந்துகொண்டது. எண்டோதீலியம் தாங்கும் பிஎச் சுமார் 6.5 முதல் 8.5 வரை. பைலோகார்பின் கெட்டுப்போகாமலிருக்கச் சொட்டு மருந்தை அதற்குக் கீழே அமிலமாக வைத்திருப்பார்கள்.

வலுவையும் கணக்குப் போட்டுப் பார்த்தேன். கண்ணுக்குள் போடும் ஆம்பூல் 0.5%, பாதுகாப்புப் பொருள் இல்லாதது, ஒருமுறைக்கு மட்டும். அதில் 0.3 மில்லி என்றால் 1.5 மில்லிகிராம். இந்தச் சொட்டு 2%, அதே அளவில் 6 மில்லிகிராம். வாய் வறட்சிக்குக் கொடுக்கும் பைலோகார்பின் மாத்திரையே 5 மில்லிகிராம்தான். இழுப்பு உள்ள ஒரு மனிதருக்கு ஒரு மாத்திரை அளவைக் கண்ணுக்குள் வைத்து அனுப்பியிருக்கிறேன். அன்று இரவு இரண்டு முறை இன்ஹேலர் எடுத்தார் என்று மகள் சொன்னாள். துணிக்கடியில் ஒரு மணிநேரம் மல்லாந்து படுத்திருந்ததாலும் இழுப்பு வந்திருக்கலாம். இதுதான் காரணம் என்று என்னால் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல மாட்டேன்.

சுருக்கிய பாப்பா மறுநாள் விரிந்து கிடந்ததற்கும் இதுவே விளக்கம். பைலோகார்பின் அதன் வேலையைச் செய்தது. பிறகு நச்சும் ஏறிய அழுத்தமும் சேர்ந்து ஐரிஸின் சுருக்குத் தசையையே முடக்கிவிட்டன. டாஸ் முற்றிய கண்களில் எண்டோதீலியத்துக்கு அடுத்து அடிவாங்குவது இந்தத் தசைதான். மேஜையில் பாப்பா அழகாகச் சுருங்கியதே எங்கள் கண்ணை மறைத்தது. சுருங்காமல் இருந்திருந்தால் "என்ன மருந்து இது?" என்று கேட்டிருப்பேன்.

சரியான மருந்தைப் பற்றியும் கொஞ்சம்

இதைப் படித்துவிட்டுப் பாப்பா சுருக்கும் மருந்தே ஆபத்து என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. கண்ணுக்குள் போடுவதற்கென்றே மூன்று மருந்துகள் உண்டு. அசிட்டைல்கோலின் 1% சில நொடிகளில் வேலை செய்யும், சில நிமிடங்களில் கண்ணிலுள்ள நொதியே அதை உடைத்துவிடும். கரைத்தபின் நிலைக்காது என்பதால் தூளும் நீரும் தனித்தனியாக வரும், போடும்போதுதான் கலக்க வேண்டும். கார்பகால் 0.01% இரண்டு முதல் ஐந்து நிமிடத்தில் முழுமையாகச் சுருக்கும், ஒரு நாள் நிற்கும். விஸ்கோ மிச்சத்தால் அன்றிரவு ஏறக்கூடிய அழுத்தத்தையும் அடக்கும் என்பது அதன் கூடுதல் நன்மை. அரை மில்லிக்கு மேல் விடக் கூடாது. மூன்றாவது, பாதுகாப்புப் பொருள் இல்லாத பைலோகார்பின் 0.5%.

மூன்றுமே சரியான வடிவில், சரியான அளவில் போட்டால் கண் தாங்கும். அதற்காகக் கேள்வி கேட்காமல் போடலாம் என்று இல்லை. இவை எல்லாம் வேகஸ் நரம்பின் பக்கம் சாய்ந்தவை. கண்ணிலிருந்து ரத்தத்துக்குப் போகும் சிறு அளவும் அரிதாக நாடித்துடிப்பைக் குறைக்கும், வியர்க்க வைக்கும், ரத்த அழுத்தத்தை இறக்கும், மூச்சுக்குழலை இறுக்கும். இழுப்பு, இதயச் செயலிழப்பு, வயிற்றுப் புண், சிறுநீர் அடைப்பு, பார்க்கின்சன் உள்ளவர்களுக்குக் கார்பகாலை யோசித்தே போட வேண்டும். இவற்றை முறிக்கும் அட்ரோபின் ஆம்பூல் கையெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். கிட்டப்பார்வை அதிகமுள்ள கண்ணில், சிலியரித் தசை சுருங்கி விழித்திரையின் ஓரத்தை இழுக்கக்கூடும் என்ற கவலையும் உண்டு. அன்றிரவு புருவத்தில் வலி வரலாம், இருட்டில் பார்வை மங்கலாக இருக்கலாம். நோயாளியிடம் முன்பே ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் அவர் விடியும்வரை பயந்து கிடக்க மாட்டார்.

என் சொந்தக் கருத்து ஒன்று. எந்தச் சிக்கலும் இல்லாத கண்ணில் "முடிந்ததற்கு அடையாளமாக" இதைப் போடும் பழக்கத்தை விட்டுவிடலாம். தேவையில்லாத எந்தத் திரவமும் கண்ணுக்குள் போகாமலிருப்பதே நல்லது.

அவரிடம் சொன்னது

காரணம் தெரிந்த மாலையே அவரையும் மகளையும் உட்காரவைத்துச் சொன்னேன். எங்கள் ஆட்களில் ஒருவர் இரண்டு நாள் பொறுக்கலாம், கருவிழி தெளிந்தால் சொல்லத் தேவையிருக்காது என்றார். அவர் கெட்டவரில்லை, பயந்தவர். எனக்குப் பொறுக்க முடியவில்லை. "ஐயா, வெளிய விடற மருந்தை உள்ள போட்டுட்டோம். நான் பார்க்காம வாங்கிப் போட்டேன். அதனாலதான் இப்படி" என்றேன். இந்த வரிசையில், இந்த வார்த்தைகளில். சிஸ்டரைப் பற்றி எதுவும் சொல்லவில்லை, ஏனென்றால் கண்ணுக்குள் விட்ட கை என்னுடையது.

அவர் நீண்ட நேரம் பேசவில்லை. மகள்தான் அழுதாள். பிறகு அவர், "பட்டறையில பொடியை மாத்திப் போட்டுட்டா வெள்ளி கறுத்துப் போவுங்க. திரும்ப உருக்கிக்கலாம். இதை உருக்க முடியாதுங்களே" என்றார். அதற்குப் பதில் சொல்ல எனக்கு வார்த்தை வரவில்லை. மேற்கொண்டு ஆகும் செலவு எதுவும் அவருடையதில்லை என்று எழுதிக் கொடுத்தோம். வேறு மருத்துவரிடம் காட்ட விரும்பினால் எல்லாக் குறிப்பையும் நகல் எடுத்துத் தருவதாகச் சொன்னேன். கோயம்புத்தூரில் ஒரு கருவிழி நிபுணரிடம் காட்டிவிட்டு, சிகிச்சையை எங்களிடமே தொடர்ந்தார்.

பிறகு

ஃபைப்ரின் ஒரு வாரத்தில் கரைந்தது. கருவிழி மெதுவாகத்தான் தெளிந்தது. நடுத்தடிமன் அறுவைக்கு முன் 520 மைக்ரான், பத்தாம் நாள் 710, ஆறாவது வாரம் 590. ஸ்டீராய்டை மூன்று மாதத்தில் படிப்படியாகக் குறைத்தேன். நான்காம் மாதம் கண்ணாடியோடு 6/18 பார்வை. எண்டோதீலியம் எண்ணிக்கை 870. முன்பு 2380 இருந்தது. இறுகிய புரையும் ஜெல்லி வெட்டியதும் அதில் ஒரு பங்கை எடுத்திருக்கும், அது எனக்குத் தெரியும். பெரும்பங்கை எடுத்தது அந்த 0.3 மில்லி.

பாப்பா 6 மில்லிமீட்டரில் அப்படியே நின்றுவிட்டது. அவருக்குப் பார்வை மங்கலைவிடப் பெரிய துன்பம் இதுதான். பற்றவைக்கும் சுடரைப் பார்த்தால் கண் முழுக்க வெளிச்சம் சிதறுகிறது. கறுப்புக் கண்ணாடி போட்டால் சுடர் அடங்குகிறது, ஆனால் வெள்ளி பிடிக்கும் நொடி தெரியவில்லை. இப்போது மகன் பற்றவைக்கிறான், இவர் சலங்கை கோக்கிறார்.

தியேட்டரில்

சிஸ்டரை வேலையை விட்டு அனுப்ப வேண்டும் என்று ஒரு பேச்சு எழுந்தது. நான் ஒப்புக்கொள்ளவில்லை. அவர் வந்து சொல்லாமலிருந்தால் கானுலாவையும் ஆட்டோகிளேவையும் சந்தேகித்து இன்னும் ஒரு வாரம் அலைந்திருப்போம். இன்னொன்றும் இருந்தது. அன்று அவரால் "ஆம்பூல் இல்லை மேடம்" என்று ஏன் சொல்ல முடியவில்லை என்று தனியாகக் கேட்டேன். கொஞ்ச நேரம் தயங்கினார். "பை கிழிஞ்சிருந்துச்சு. நீங்க டென்ஷனா இருந்தீங்க. இல்லைன்னு சொன்னா திட்டுவீங்கன்னு நெனச்சேன்." இந்த ஆய்வில் எனக்குக் கிடைத்த மிக முக்கியமான தகவல் இது. ஆய்வகம் எதுவும் இதைக் கண்டுபிடித்துத் தந்திருக்காது.

அன்று அவர் இல்லை என்று சொல்லியிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. ஸ்பாட்டுலாவால் காயத்தின் உட்பக்கத்தை ஒருமுறை துழாவி இழை இல்லை என்று உறுதிசெய்திருப்பேன், காற்றுக் குமிழி விட்டு லென்ஸைப் பின்னால் நிறுத்தியிருப்பேன், காயத்துக்கு ஒரு தையல் போட்டிருப்பேன். அந்த மருந்து அன்றைக்கு வசதியாக இருந்திருக்கும், ஆனால் அவசியமாக இல்லை. அவசியமில்லாத ஒன்றைக் கேட்கும் குரலில் அவசரம் இருந்ததுதான் என் தவறு. அதை நான் வேறு யார்மீதும் வைக்க மாட்டேன்.

மாற்றியவற்றில் முதலாவது வார்த்தை. எங்கள் தியேட்டரில் இப்போது "பைலோ" என்ற சொல் கிடையாது. "கண்ணுக்குள் போடும் பைலோகார்பின் அரை சதவீதம்" என்று முழுதாகக் கேட்க வேண்டும், கொண்டுவருபவர் ஆம்பூலைப் பார்த்து அதையே திரும்பச் சொல்ல வேண்டும், இழுப்பவர் லேபிளைத் தன் கண்ணால் படிக்க வேண்டும், உடைத்த ஆம்பூல் அறுவை முடியும்வரை தட்டில் இருக்க வேண்டும். எங்கள் சுவரில் உலக சுகாதார நிறுவனத்தின் அறுவைப் பாதுகாப்புப் பட்டியல் ஒட்டியிருக்கிறது. பெயர், எந்தக் கண், எந்த லென்ஸ் எல்லாம் கேட்போம். சிக்கல் வந்தால் தேவைப்படும் மருந்துகள் இன்று இருக்கின்றனவா என்று கேட்டதில்லை. இப்போது முதல் நோயாளி உள்ளே வருவதற்கு முன் அதைக் கேட்கிறோம், இல்லாததைப் பலகையில் எழுதுகிறோம். பலகையில் ஏற்கனவே எழுதியிருந்தால், நெருக்கடி நேரத்தில் யாரும் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு "இல்லை" என்று சொல்ல வேண்டியதில்லை. பாதுகாப்புப் பொருள் கலந்த சொட்டு மருந்து எதுவும் தியேட்டரின் சிவப்புக் கோட்டைத் தாண்டி வராது. இழுப்பு உள்ளவரின் கேஸ் ஷீட் முகப்பிலேயே அது பெரிதாக எழுதப்படுகிறது.

இதே வகைத் தவறு வேறு மருந்துகளிலும் நடந்திருக்கிறது. லென்ஸ் பைக்குச் சாயமேற்றும் ட்ரைபான் ப்ளூவுக்குப் பதில் மெத்திலீன் ப்ளூ கண்ணுக்குள் போய்க் கருவிழி கெட்ட நிகழ்வுகள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. அங்கே நிறம் ஏமாற்றியது, இங்கே பெயர். இந்திய மருந்துக் கண்காணிப்புத் திட்டத்துக்கான படிவத்தையும் நிரப்பி அனுப்பினோம். மருந்தின் குற்றம் இல்லையே, எதற்கு என்று கேட்டார்கள். ஒரே பெயரில் இரண்டு வடிவம் ஒரே கூரையின் கீழ் இருப்பதும் பதிவாக வேண்டிய ஆபத்துதான் என்று நான் நினைக்கிறேன்.

இப்போதைய நிலை

விரிந்து நிற்கும் பாப்பாவைத் தைத்துச் சிறிதாக்கலாம். ஒரே முறை ஊசியைச் செலுத்தி நான்கு சுற்றுப் போடும் எளிய முறை ஒன்று 2017-இல் வெளியானது. வெளிச்சச் சிதறல் குறையும், ஒருவேளை அவர் மறுபடி சுடரருகே உட்காரலாம். ஆனால் கண்ணை மறுபடி திறந்தால் 870-லிருந்து இன்னும் சில நூறு போகலாம். பிற்காலத்தில் கருவிழி ஊறினால் தானமாக வரும் கண்ணிலிருந்து உள்ளடுக்கை மட்டும் மாற்ற வேண்டியிருக்கும். இரண்டையும் படம் வரைந்து விளக்கினேன். இடது கண்ணின் புரையும் முற்றிக்கொண்டு வருகிறது, அதையும் சொன்னேன்.

படத்தைக் கையில் வாங்கி, இடது கண்ணுக்கு அருகே வைத்துப் பார்த்தார். "தீபாவளி ஆர்டர் முடியட்டுங்க டாக்டரம்மா. அப்புறம் பையனோட வந்து சொல்றேன்" என்றார். அதற்கு முன் ஒருமுறை செல் எண்ணிக்கை பார்க்க வேண்டும் என்று தேதி எழுதிக் கொடுத்திருக்கிறேன்.